பில் போடும் இடத்தில் கண்ணில் பட்டுவிட்டால்… (கேள்வி பதில்)

ராமநாதபுரத்தில் ஒரு டிபார்ட்மெண்ட் ஸ்டோரில் பதினொரு வருஷம் பில் போட்டேன். அப்புறம் அங்கேயே எட்டு வருஷம் சூப்பர்வைசர். இப்போது உச்சிப்புளிப் பக்கம் சொந்தமாகச் சின்னதாய் ஒரு கடை. "கடையில் திருடுவதைப் பார்த்தால் என்ன செய்வது, கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்" என்று சொன்னதுதான் தாமதம், தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ராமநாதபுரம், பில்லிங்கில் சேர்ந்து மூன்று மாதம்: அக்கா, ஒரு அம்மா ராக்கிலிருந்து முகத்துக்குப் பூசும் கிரீமை எடுத்துக் கைப்பையில் போட்டதை நானே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் என் கவுண்டருக்கே வந்து நின்றார். அவருக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் கை நடுங்கியது. கூடையில் இருந்ததுக்கு மட்டும் பில் போட்டு அனுப்பிவிட்டேன். தப்பா?

தப்பில்லைம்மா. முதல் தடவை எல்லோருக்கும் கை நடுங்கும். எனக்கு இரண்டாவது வருஷத்திலும் நடுங்கியது.

பையில் போட்டதைப் பார்த்தவுடனே திருட்டு என்று முடிவு கட்டாதே. இடுப்பில் பிள்ளை, ஒரு கையில் குடை, கூடை கிடைக்கவில்லை என்று பையில் போட்டுக்கொண்டு, கல்லாவுக்கு வந்ததும் தானே எடுத்து வைக்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். உன் கவுண்டரைத் தாண்டும் வரைக்கும் அவருக்குக் காசு கொடுக்க வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பை எடுத்துக் கொடுப்பதுதான் உன் வேலை.

கூடையில் இருப்பதையெல்லாம் ஸ்கேன் செய்து முடி. மொத்தத் தொகை போடும் பட்டனைத் தட்டாதே. பையைப் பார்க்காதே, முகத்தைப் பார். "வேற எதுவும் இருக்காக்கா? சேத்துப் போட்டுரவா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. அந்த மூன்று நொடி மௌனத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நீ அவசரப்பட்டு அடுத்த வார்த்தை பேசினால் காரியம் கெட்டது. பெரும்பாலும் கை பைக்குள் போகும், "அய்ய, மறந்தே போச்சு பாரு" என்று வெளியே வரும். அதை நம்பின மாதிரியே வாங்கி ஸ்கேன் செய். உண்மையா நடிப்பா என்று அளந்து பார்க்காதே, அடுத்த ஆளிடம் கண் காட்டாதே.

எடுத்து வைக்கவில்லை என்றால் இன்னொரு வாய்ப்பு: "கிரீம் ஒண்ணு பாத்துக்கிட்டிருந்தீகளே, எடுக்கலையா?" இதை நீ கண்ணால் பார்த்திருந்தால் மட்டும், எடுத்ததிலிருந்து கவுண்டர் வரை உன் பார்வை விலகாமல் இருந்திருந்தால் மட்டும் கேள். நடுவில் நீ நாலு பேருக்குப் பில் போட்டிருந்தால், அந்த நேரத்தில் அவர் அதை வேறு ராக்கில் வைத்துவிட்டுக்கூட வந்திருக்கலாம்.

அதற்கும் அசையவில்லையா? பில்லைக் கொடு, நன்றி சொல், அனுப்பு. நேரம், பொருள், எந்த கேமரா பக்கம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சூப்பர்வைசரிடம் கொடு. அதோடு உன் பங்கு முடிந்தது.

எங்கள் கடையில் சூப்பர்வைசரைக் கூப்பிட ஒரு குறிப்புச் சொல் வைத்திருந்தோம்: "மூணாம் ராக்குல சீனி தீந்துருச்சு." ஒருநாள் நிஜமாகவே சீனி தீர்ந்துபோய்ப் புதுப்பெண் சத்தம் போட, மூன்று பேர் கவுண்டருக்கு ஓடி வந்தார்கள். ஆகவே கடையில் இல்லாத ஒரு பொருளின் பெயரை வைத்துக்கொள்ளுங்கள்.

சாயல்குடி, கடை முதலாளி: இப்படி விட்டுக்கொண்டே போனால் கடையை மூட வேண்டியதுதான். ஓடிப்போய்ப் பிடித்து, கடைக்குள் உட்கார வைத்துப் போலீஸுக்குச் சொன்னால் என்ன தப்பு?

உங்கள் கோபம் புரிகிறது அண்ணாச்சி. ஆனால் சட்டம் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதாதான் நடைமுறையில் இருக்கிறது. அதில் திருட்டு 303-ஆவது பிரிவு. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, ஆளும் முதல் தடவை தண்டிக்கப்படுகிறவர், பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் தண்டனை சமூக சேவை. அதைவிட முக்கியம், இந்தப் பிரிவில் அந்தத் தொகைக்குக் கீழே உள்ள திருட்டு ஜாமீனில் விடக்கூடியது, வாரண்ட் இல்லாமல் போலீஸே கைது செய்ய முடியாதது. பொதுமக்களில் ஒருவர் ஒருவரைப் பிடித்து வைக்கலாம் என்று சட்டம் சொல்வது, ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் கண்முன்னே நடந்தால்தான். அப்போதும் தாமதிக்காமல், ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

அரைக் கிலோ நெய்க்கு ஒருவரை ஸ்டாக் ரூமில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினால், சட்ட விரோதமாக அடைத்து வைத்ததாக வழக்கு உங்கள் மேல் திரும்பும். அதற்கு ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. கை வைத்தீர்கள் என்றால் அது தனிக் கணக்கு. ரோட்டில் துரத்திப்போய் பஸ்ஸில் அடிபட்டால் நெய்க் கணக்கையே மறந்துவிடுவீர்கள்.

போலீஸுக்குப் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அடிக்கடி வரும் ஆள், கூட்டாக வரும் ஆட்கள் என்றால் கேமரா பதிவு, ஸ்டாக் கணக்கு, தேதி எல்லாவற்றோடும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள். மிரட்டினால், கத்தி கித்தி காட்டினால் 112. பொருளோடு போகட்டும், வழியை மறிக்காதீர்கள்.

கீழக்கரை, மளிகைக் கடை: வாசலில் செக்யூரிட்டி ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்க்கலாமா?

"பையை இங்கே வைத்துவிட்டுப் போங்க" என்று டோக்கன் கொடுக்கலாம். பில்லைக் காட்டச் சொல்லலாம். அவர் சம்மதித்தால் பையைப் பார்க்கலாம். மாட்டேன் என்றால் கையை உள்ளே விட உங்களுக்கு உரிமை இல்லை. உடம்பைத் தடவிப் பார்க்கும் பேச்சே வேண்டாம், பெண் ஊழியரை வைத்துச் செய்தாலும் சரி.

இதோடு ஒட்டி இன்னொருவர், "புர்கா போட்டு வருகிறவர்கள், பாசிமணி விற்கிறவர்கள், மீன்கூடைக்காரர்கள் மேல் தனியாகக் கண் வைக்கலாமா" என்று கேட்டிருக்கிறார். பத்தொன்பது வருஷத்தில் நான் பார்த்த பெரிய ஆள் நன்றாக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கழுத்தில் செயினோடு வந்தவர். நீங்கள் மீன்கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்குத்தான் வசதி. உடுப்பைப் பார்க்காதீர்கள், கையையும் கண்ணையும் பாருங்கள். பொருளைப் படிக்காமல் எடுக்கிறாரா, எடுத்ததும் கேமராவைத் தேடுகிறாரா, ஒருவர் உங்களிடம் பேச்சுக் கொடுக்கையில் கூட வந்தவர் எங்கே போனார், அவ்வளவுதான்.

ராமேஸ்வரம், சங்கு, பாசி விற்கும் கடை: அமாவாசைக் கூட்டத்தில் ஒரே நேரத்தில் முப்பது நாற்பது பேர் நுழைந்துவிடுகிறார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. யார் என்ன எடுத்தார்கள் என்றே தெரிவதில்லை.

தை அமாவாசை, ஆடி அமாவாசை என்றால் கல்லாவில் இருக்கிறவர் கண்காணிக்கிற கதையே நடக்காது. கடையைத்தான் மாற்றி அடுக்க வேண்டும். கைக்குள் அடங்கும் முத்து மாலை, சின்னச் சங்கு, சாவிக்கொத்து எல்லாம் உங்கள் முதுகுக்குப் பின்னால். முன்னால் பெரிய சங்கும் பனை ஓலைக் கொட்டானும். கொட்டானைக் கவிழ்த்து அடுக்குங்கள், நிமிர்த்தி வைத்தால் அதற்குள் பொருளைப் போட்டுக் கொட்டானுக்கு மட்டும் பணம் கொடுத்துப் போவார்கள். உள்ளே வர ஒரு வழி, போக கல்லாவை ஒட்டி ஒரு வழி. "ஔர் குச்?" என்ற இரண்டு வார்த்தை போதும், என் "வேற எதுவும் இருக்கா" கேள்வி இந்தியிலும் அதே வேலையைச் செய்யும். தீர்த்தமாடிவிட்டு ஈரத்துணியோடு, எப்போது பஸ் எடுப்பான் என்ற பதற்றத்தில் கையில் பாசியோடு வெளியேறுகிறவர்களும் உண்டு. "மாதாஜி" என்று ஒரு சத்தம் கொடுத்தால் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வருவார்கள்.

போனில் பணம் அனுப்பியதாகப் பச்சை டிக் காட்டுகிறார்களே, அதைப் பார்த்து அனுப்பாதீர்கள். பழைய படம் காட்டுவார்கள், போலி ஆப்பும் உண்டு. உங்கள் சவுண்ட் பாக்ஸ் சொல்ல வேண்டும், இல்லை உங்கள் போனில் வரவு தெரிய வேண்டும்.

மண்டபம், பில் போடும் பெண்: மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது. எங்கள் தெரு மதினி ஒருத்தி, அண்ணன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். பிள்ளைக்குப் பால் பவுடர் டப்பாவை முந்தானைக்குள் வைத்ததைப் பார்த்துவிட்டேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. இப்போது தெருவில் அவள் என்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறாள்.

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு எதுவும் எழுதவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் நின்றால் வீட்டில் உலை எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர்களுக்கும் தெரியும், அந்த இரண்டு மாசம் கடன் நோட்டு தடித்துவிடும். ஆனாலும் பால் பவுடர் உன் முதலாளியுடையது. இரக்கப்பட்டு விடுவதென்றால் நம் பொருளைத்தான் விடலாம், அவருடையதை விட நமக்கு உரிமை இல்லை. நாளைக்கு கேமராவில் அவர் பார்த்தால், தெரிந்தே விட்டாய் என்று உன் வேலை போகும். அவளுக்கும் அதனால் நல்லது நடக்காது.

அந்த நேரத்தில் செய்திருக்கக்கூடியது இது. வரிசையில் ஆள் இருக்கும்போது ஒரு வார்த்தை கேட்காமல், "மதினி, ஒரு நிமிசம் நில்லுங்க, சேர்ந்து போவோம்" என்று ஓரமாக நிறுத்தியிருக்கலாம். கூட்டம் குறைந்ததும், "டப்பாவை இங்க வைங்க, நோட்டுல எழுதச் சொல்றேன், படகு போனதும் குடுங்க." முந்தானை பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். கேட்கக் கூச்சப்பட்டுத்தான் அவள் எடுத்திருப்பாள். நோட்டில் எழுதச் சொல்லிக் கேட்பதற்குள் நம் பெண்களுக்கு உயிர் போய்விடும்.

இப்போதும் காலம் போகவில்லை. முதலாளியிடம் பேர் சொல்லாமல், "தடைக்காலத்தில் பிள்ளைப் பொருளுக்கு மட்டும் கடன் கொடுப்போமா" என்று கேட்டுப் பார். என் கடையில் அப்படித்தான் வைத்திருக்கிறேன், வராத பணம் கொஞ்சம் உண்டு, பெரிதாக இல்லை. அவர் சரி என்றால் நீயே மதினி வீட்டுக்குப் போய், "எங்க கடையில இப்படி ஒண்ணு ஆரம்பிச்சிருக்காக" என்று தகவலாகச் சொல்லிவிட்டு வா. போன டப்பாவுக்கு நீ உன் கையிலிருந்து காசு கட்டினால் கட்டு, அதை அவளிடம் சொல்லாதே.

தொண்டி: பள்ளிக்கூடப் பையன்கள் சாக்லேட் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். எங்கள் ஓனர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடப் போகிறார்.

போடவே கூடாது. சட்டச் சிக்கலில் மாட்டிய 18 வயது நிரம்பாத பிள்ளையின் முகத்தையோ பெயரையோ வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. பெரியவர்கள் படத்தைப் போட்டாலும் அவதூறு வழக்குக்கு வழி இருக்கிறது. பையனின் அம்மாவையோ அப்பாவையோ கூப்பிட்டு, கடைக்குள்ளே, கூட்டமில்லாமல் சொல்லுங்கள். சாக்லேட்டை வாசலுக்குப் பக்கத்தில் அவன் உயரத்துக்கு அடுக்கி வைத்ததும் யார் என்று ஓனரையே கேளுங்கள்.

ஏர்வாடி: தர்காவுக்கு வந்து தங்கியிருக்கும் மனநலம் சரியில்லாதவர் ஒருவர் பிஸ்கட்டைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே போய்விடுகிறார். தினமும்.

இதைத் திருட்டுக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். நேர்மையில்லாமல் எடுக்கும் எண்ணம் இருந்தால்தான் திருட்டு. கூட வந்தவர் யார் என்று விசாரித்து அவரிடம் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். யாரும் இல்லை என்றால் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கோ ஸ்டேஷனுக்கோ தகவல் சொல்லுங்கள். கத்தி விரட்டவோ கையைக் கட்டவோ வேண்டாம். 2001 ஆகஸ்டில் மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு தீயில் போன 28 பேரை ஏர்வாடிக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

தேவிபட்டினம்: ஸ்டாக் குறைந்தால் பில் போடுகிற எங்கள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். சரியா?

கல்லாப் பணம் மாதிரி உன் பொறுப்பில் ஒப்படைத்தது, உன் கவனக்குறைவால் குறைந்தால், உன் விளக்கத்தைக் கேட்ட பிறகு பிடிக்கலாம். யாரோ ராக்கிலிருந்து எடுத்துப்போனதை எல்லோர் தலையிலும் பங்கு போட முடியாது. தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கலாம். முதலில் ஸ்டாக் எடுத்த தாளைக் காட்டச் சொல்லிக் கேள். பல இடத்தில் அந்தத் தாளே இருக்காது.

எடை போடும் இடத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள். முண்டு மிளகாய்ப் பையில் சாதா மிளகாய் ஸ்டிக்கர், முந்திரியில் நிலக்கடலை ஸ்டிக்கர் ஒட்டிக் குறைந்த விலைக்குக் கொண்டுபோவார்கள். ஸ்கேன் செய்யும்போது திரையில் வரும் பெயரை வாய்விட்டுப் படித்தாலே பாதி மாட்டும்.

பெயர் வேண்டாம்: நான் தப்பாக ஒருவரைக் கேட்டுவிட்டேன். அவர் பையில் எதுவுமில்லை. கடையே பார்க்க அழுதுவிட்டார். இப்போது என்ன செய்வது?

எனக்கும் நடந்திருக்கிறது. சேர்ந்து நாலாவது வருஷம். ஒரு அம்மா பையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் எட்டிப் பார்த்தது. நான் எடுத்த எடுப்பில், "எண்ணெய்க்குப் பில் எங்க?" என்றேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் பையைக் கவுண்டரில் கொட்டினார். பஸ் டிக்கெட், பெரியாஸ்பத்திரி மருந்துச் சீட்டு, மாத்திரை, வேறு கடையில் எண்ணெய் வாங்கிய பில். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவரே திரும்ப எடுத்து வைக்கிற வரைக்கும் நான் நின்றுகொண்டே இருந்தேன்.

வரிசையில் இருந்தவர்கள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். கேட்ட இடத்தில்தான் மன்னிப்பும் கேட்க வேண்டும், தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டால் கடையில் பார்த்தவர்கள் கணக்கில் அவர் இன்னும் திருடிதான். மறுநாள் சூப்பர்வைசரோடு அவர் வீட்டுக்கும் போய்வந்தேன். காபி கொடுத்தார். நீங்களும் அதைச் செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அந்த அம்மா அதற்கப்புறம் எங்கள் கடைக்கு வரவில்லை. அவர் வீட்டுக்காரர் மட்டும் மாதாமாதம் வந்து அரிசி, பருப்பு வாங்கிப் போவார். எண்ணெய் மட்டும் வாங்க மாட்டார்.