முருங்கையிலைப் பொடியும் பள்ளிப் பிள்ளைகளும்: கேள்வி பதில்

கேள்வி (தக்கலை, ஒரு தாயார்): ஒன்பது வயது மகளுக்கு இரத்தக் குறைவு என்று மருத்துவர் கூறினார். முருங்கையிலைப் பொடி கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. பள்ளியில் வாரந்தோறும் இந்த வயதினருக்குத் தரப்படும் இளஞ்சிவப்பு மாத்திரையில் 45 மில்லிகிராம் இரும்புச்சத்து உள்ளது. ஒரு தேக்கரண்டிப் பொடியில் இருப்பது அதில் மிகச் சிறிய பங்கு, அதிலும் உடல் ஏற்றுக்கொள்வது கொஞ்சமே. மருத்துவர் தரும் மருந்தையும் குடற்புழு நீக்க மாத்திரையையும் விடாமல் கொடுத்து, பொடியை அவற்றுக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். பொடி சேர்த்த உணவோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். உணவோடு தேயிலை குடிக்கும் நம் ஊர் வழக்கமோ அதைத் தடுக்கும். என் கருத்தில், பொடியை வாங்குவதற்கு முன் அந்தத் தேயிலையை நிறுத்துவதே முதல் வேலை.

கேள்வி (குலசேகரம்): வீட்டில் மரம் நிற்கிறது. ஆனால் மழையில் இலை காய்வதற்குள் கறுத்துப் பூசணம் பிடிக்கிறதே?

பதில்: தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழையும் பெறும் மாவட்டம் நம் கன்னியாகுமரி, ஆகவே மாசி, பங்குனியில் ஆண்டுத் தேவைக்கு உலர்த்திக்கொள்வது நல்லது. இலையைக் கழுவி, நீர் முற்றிலும் வடிந்தபின் ஈர்க்கு நீக்கி உருவி, சுத்தமான துணியில் மெல்லிய பரப்பாக விரித்து, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். நேர் வெயில் பட்டால் பச்சை நிறம் வெளுக்கும். வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டினும் குறையும். கையில் நொறுக்கினால் சருகுபோலச் சலசலத்து உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் அறையில் வைக்கலாமே என்ற யோசனை சிலருக்கு வரும். வேண்டாம், அந்தப் புகை பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகக் கூடாது. பச்சை இலையின் எடையில் முக்கால் பங்கு நீர் என்பதால், உருவிய இலை நான்கு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பொடிதான் கிடைக்கும். உலர்த்தும்போது வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். எனவே மரத்தில் தளிர் இருக்கும் நாட்களில் தேங்காய் சேர்த்துத் துவரன் வைப்பதே மேல்.

கேள்வி (குளச்சல்): கசப்பு என்று மகன் துப்பிவிடுகிறான்.

பதில்: அரைத் தேக்கரண்டியில் தொடங்குங்கள். புட்டு மாவிலோ தோசை மாவிலோ கலந்தால் கசப்பு தெரியாது, நிறம்தான் பச்சையாகும். குழம்பில் சேர்ப்பதானால் அடுப்பிலிருந்து இறக்கும் தறுவாயில் தூவுங்கள். உங்கள் கடற்கரையில் இன்னொரு வசதியும் உண்டு: மீனோடு சேர்த்து உண்ணும்போது இலையின் இரும்பை உடல் நன்றாக ஏற்கும். மீன்குழம்பும் மரச்சீனிக்கிழங்கும் உள்ள தட்டில், கிழங்கு மசியலோடு பொடியைக் கலந்து கொடுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம், ஓர் ஆசிரியர்): சத்துணவில் முட்டைக்குப் பதிலாக இதைத் தரலாமா?

பதில்: கூடாது. 5 கிராம் பொடியில் புரதம் சுமார் ஒன்றேகால் கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். சுண்ணாம்புச் சத்தைப் பொறுத்தவரை பொடிதான் உயர்ந்தது: அதே 5 கிராமில் ஏறத்தாழ 100 மில்லிகிராம். முட்டை தட்டில் இருக்கட்டும். சத்துணவு அலுவலகத்தின் ஒப்புதல் பெற்றால் சாம்பாரில் பொடியைச் சேர்க்கலாம்.

கேள்வி (விளவங்கோடு): கர்க்கடக (ஆடி) மாதத்தில் முருங்கையிலை ஆகாது என்று அம்மச்சி தடுக்கிறார்.

பதில்: மாசியில் உலர்த்திய பொடிக்கும் அந்த விலக்கு உண்டா என்று அவரிடமே கேளுங்கள். ஒப்பவில்லை என்றால் அந்த ஒரு மாதம் தண்டங்கீரை சமைத்துக் கொடுங்கள். பிள்ளைக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.