மூன்று மணி நேர எச்.டி. வீடியோவைத் தரம் குறையாமல் டிவிடியில் ஏற்றுவது எப்படி?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேமராவின் மெமரி கார்டை இன்னும் அழிக்கவில்லை என்றால், வேலை முழுதும் முடிந்து இறுவட்டைப் போட்டுப் பார்க்கும்வரை அழிக்காதீர்கள்.

நீங்கள் கேட்டிருப்பது இது: மாசியில் இலங்கை மலையகத்தில் உங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தை (சிவன் தவத்தைக் கலைக்கப் போன காமன், அதாவது ரதியின் கணவன் மதன், எரிந்த கதையை ஆடும் கூத்து) ஹேண்டிகேமில் எச்.டி.யாக எடுத்திருக்கிறீர்கள், மொத்தம் 2 மணி 50 நிமிடம். அதை வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளவும் வேண்டும், இந்தியாவில் கூடலூரில் இருக்கும் பெரியப்பா குடும்பத்துக்கு அனுப்பவும் வேண்டும். கடையில் ஒரே டிவிடியில் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள், சரியா?

சரியில்லை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2011இல், தலவாக்கலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், கட்டாரிலிருந்து லீவில் வந்த மாமாவின் கேமராவில் கூத்தை எடுத்தோம். அப்பா கடைசியாகத் தப்பு (பறை) அடித்தது அந்த வருடம்தான். டவுனில் ஒரு கடையில் கார்டைக் கொடுத்தோம். மூன்று மணி நேரத்தையும் ஒரே டிவிடிக்குள் அடக்கி, கார்டையும் அழித்துத் திருப்பித் தந்தார்கள். அப்பாவின் கை அசைகிற இடமெல்லாம் சதுரம் சதுரமாக உடைந்திருந்தது. காமன் எரிகிற இடத்தில் தீயைக் காணோம், செம்மஞ்சள் கட்டங்கள்தான் இருந்தன. மூலம் போய்விட்டதால் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. அதற்குப் பிறகுதான் இந்த வேலையை நானே உட்கார்ந்து படித்தேன்.

எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன் ஒரு வகுத்தல் கணக்குப் போடுங்கள். சாதாரண டிவிடி 4.7 ஜிபி. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் அதை எட்டால் பெருக்கினால் 37,600 மெகாபிட். உங்கள் வீடியோ 170 நிமிடம், அதாவது 10,200 விநாடி. வகுத்தால் விநாடிக்கு 3.7 மெகாபிட்கூட வராது, சத்தத்துக்கான பங்கும் அதற்குள்தான். உங்கள் கேமரா எடுத்ததோ விநாடிக்கு ஏறக்குறைய 17 மெகாபிட் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தில் ஏறக்குறைய நான்கு பங்கை வெட்டி எறிந்தால்தான் ஒரே டிவிடிக்குள் போகும். எந்தக் கடைக்காரர் எந்த மென்பொருளில் செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது. (டிவிடி உறையில் 4.7 என்று இருப்பதைக் கணினி 4.38 என்று காட்டும். இடம் குறையவில்லை. உறையில் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கணினி 1024ஆக எண்ணுகிறது.)

அந்த 3.7 மெகாபிட் பகல் வெளிச்சத்தில் ஒருவர் உட்கார்ந்து பேசுகிற வீடியோவுக்குப் போதும். காமன் கூத்துக்குப் போதாது. டிவிடிக்காக வீடியோவைச் சுருக்கும் முறைகள் ஒரு ப்ரேமுக்கும் (ஒற்றைப் படத்துக்கும்) அடுத்த ப்ரேமுக்கும் இடையே மாறாத பகுதியைத் திரும்ப எழுதாமல் விட்டுத்தான் இடத்தை மிச்சம் பிடிக்கின்றன. நம்முடைய கூத்தில் மாறாதது எது? இரவு, பல்பு வெளிச்சம், மேலே இறங்கும் பனிமூட்டம், தீப்பந்தத்துப் புகை, வட்டம் போட்டு ஆடும் கால்கள். போதாக்குறைக்கு, இருட்டில் கேமரா தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும்போது படம் முழுக்கப் பொடிப் புள்ளிகள் துள்ளும். மனிதக் கண் அதைக் கவனிக்காது. சுருக்கும் மென்பொருளுக்கோ ஒவ்வொரு புள்ளியும் புதுச் செய்தி. இருக்கிற பிட்டுகளை அந்தப் புள்ளிகளுக்குச் செலவழித்துவிட்டு, ரதியின் முகத்துக்கு ஒன்றும் மிச்சம் வைக்காது. அதனால் சுருக்குவதற்கு முன் புள்ளி குறைக்கும் வடிகட்டியை மிக இலேசாகப் போடுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அது இருக்கிறது. கூட்டிப் போட்டால் முகங்கள் மெழுகு பூசியதுபோல ஆகிவிடும், அதைவிடப் புள்ளியே மேல்.

இனி எதில் ஏற்றுவது? உங்களுக்கு உண்மையில் இரண்டு வேலை இருக்கிறது, இரண்டையும் ஒரே இறுவட்டில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

ஒன்று, மூலத்தைக் காப்பாற்றுவது. விநாடிக்கு 17 மெகாபிட் வீதம் 170 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 21.7 ஜிபி. எழுதக்கூடிய ப்ளூரே இறுவட்டு ஒன்று 25 ஜிபி. ஒரு பிட்கூடக் குறைக்காமல் முழுதும் அப்படியே உட்கார்ந்துவிடும். ப்ளூரே எழுதும் கருவி கையில் இல்லாவிட்டால் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், ஒரு நாள் இரவல் கிடைத்தால் போதும். கார்டிலுள்ள எம்டிஎஸ் (வீடியோ) கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காமல், கோப்புறையை முழுசாக நகலெடுங்கள். நீளமான பதிவைக் கேமரா தானே துண்டு துண்டாக வெட்டிச் சேமிக்கும். துண்டுகளைத் தனித்தனியாக மாற்றி ஒட்டினால் ஒட்டுகிற இடத்தில் ஒரு நொடிக்கும் குறைவாகச் சத்தம் விழுந்துவிடும். பேச்சில் அது தெரியாது. தப்பு அடி தவறினால் நம் ஆட்களுக்கு உடனே காதில் படும். டிஎஸ்மக்ஸர் என்ற இலவச மென்பொருளில் முதலில் துண்டுகளை வரிசையாகச் சேர்த்துவிட்டு, அதன்பிறகு மற்ற வேலைக்குப் போங்கள்.

மற்றது, பெரியப்பா வீட்டில் போட்டுப் பார்ப்பது. மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பிரிந்துபோன குடும்பம் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே இருப்பவர்களில் பலர் இந்தக் கூத்தைச் சின்ன வயதில் இங்கே பார்த்தவர்களாக இருப்பார்கள். அவர்களிடம் இருப்பது சாதாரண டிவிடி பிளேயர் என்றால் எச்.டி. அதில் ஓடாது. டிவிடி வீடியோவாகத்தான் கொடுக்க வேண்டும், 720க்கு 576 அளவில். நமக்கும் இந்தியாவுக்கும் ஒரே தொலைக்காட்சி முறைதான் (PAL), வீட்டில் எழுதுகிற இறுவட்டுக்கு நாட்டுப் பூட்டும் இல்லை, அதனால் அந்தக் கவலை வேண்டாம். மூன்று டிவிடிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் 57 நிமிடம் வரும். விநாடிக்கு 8 மெகாபிட் தாராளமாகக் கொடுக்கலாம், 3.5 ஜிபிக்குள் முடிந்துவிடும். டிவிடி வீடியோவுக்கு 9.8 மெகாபிட் வரை இடம் உண்டு. ஆனாலும் வீட்டில் எழுதிய இறுவட்டில் அந்த உச்சத்தில் விலை குறைந்த பிளேயர்கள் திணறும்.

நிமிடத்தை அளந்து வெட்டாதீர்கள், கூத்தை அறிந்து வெட்டுங்கள். ரதி மதன் வருவதுவரை ஒன்று, சிவனின் தவத்தைக் கலைக்க மதன் கிளம்புவதும் ரதி தடுப்பதும் இரண்டு, எரிப்பும் ஒப்பாரியும் மூன்று. மூன்றாவது கொஞ்சம் சின்னதாக அமைந்தால் இன்னும் நல்லது. அதிகப் பிட்டு கேட்கிற பகுதி அதுதான், பிட்ரேட்டை (விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற அளவை) கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

அவர்களிடம் ப்ளூரே பிளேயர் இருந்தால் இன்னொரு நல்ல வழி உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. சாதாரண டிவிடியிலேயே எச்.டி.யை ஏவிசிஎச்டி அமைப்பில் எழுதலாம். உங்கள் கேமரா பயன்படுத்தும் அதே அமைப்புத்தான், சோனியும் பானசோனிக்கும் 2006இல் கொண்டுவந்தது. பல ப்ளூரே பிளேயர்கள் அதை வாசிக்கும், டிவிடி பிளேயர் வாசிக்காது. மூன்று டிவிடி என்ற அதே பிரிப்பில், ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு, சத்தத்துக்கு ஏசி3 என்ற ஒலி அமைப்பில் 256 கிலோபிட் ஒதுக்கினால் படத்துக்கு விநாடிக்கு 10 மெகாபிட் மிஞ்சும். ஏவிசிஎச்டி பயன்படுத்தும் எச்.264 என்ற சுருக்கும் முறைக்கு அது நல்ல அளவு.

இதில் நான் எப்போதும் செய்யும் ஒரு காரியம்: உங்கள் கேமரா எடுப்பது 1080i, அதாவது ஒன்றுவிட்டு ஒரு கோடு மட்டும் கொண்ட அரைப்படங்கள், விநாடிக்கு 50. அதை அப்படியே சுருக்காமல், கோடுகளைச் சீராக்கி, 720 உயரத்தில் விநாடிக்கு 50 முழுப் படங்களாக மாற்றுகிறேன். அளவு கொஞ்சம் குறையும். ஆனால் தப்புக் குச்சியின் வேகமும் ஆட்டக்காரர்களின் சுழற்சியும் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். 25 படமாகக் குறைத்தால் அந்த உயிர் போய்விடும். டிவிடி வீடியோவுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அரைப்படங்களைப் பிரிக்காமல் 1080ஐ 576ஆக நசுக்கினால், அசைகிற எல்லாவற்றிலும் சீப்புப் பல் போலக் கோடு விழும்.

சுருக்கும்போது இரண்டு சுற்று முறையைத் தேர்ந்தெடுங்கள். முதல் சுற்றில் மென்பொருள் முழு வீடியோவையும் பார்த்து, எங்கே அமைதி, எங்கே ஆட்டம் என்று குறித்துக்கொள்ளும். அடுத்த சுற்றில் சனம் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் மிச்சம் பிடித்ததைத் தீ எரிகிற இடத்துக்குக் கொடுக்கும். இறுவட்டின் அளவு நிச்சயம் என்பதால் இந்த முறைதான் பொருந்தும். உச்ச அளவுக்கு ஒரு வரம்பு கட்டாயம் வையுங்கள். டிவிடியில் எழுதும் ஏவிசிஎச்டிக்கு 18 மெகாபிட்தான் எல்லை, நான் 15இல் நிறுத்திவிடுவேன். ஹேண்ட்பிரேக்கின் கூடுதல் அமைப்புப் பெட்டியில் ப்ளூரே இணக்கத்தையும் போட்டு, வந்த கோப்பை டிஎஸ்மக்ஸரில் ஏவிசிஎச்டி கோப்புறையாக மாற்றி, இம்க்பர்ன் என்ற இறுவட்டு எழுதும் மென்பொருளில் யுடிஎப் 2.50 என்ற கோப்பு முறையைத் தேர்ந்து எழுதுங்கள். சாதாரணத் தரவு இறுவட்டாக எழுதினால் கணினியில் திறக்கும், பிளேயரில் திறக்காமல் போகலாம். பழைய மடிக்கணினியில் இந்தச் சுருக்கல் ஒரு இரவு முழுக்க ஓடும், அது வழக்கம்தான்.

எழுதும் வேகத்தை 4 அல்லது 8இல் வையுங்கள், முடிந்ததும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பாதியில் கரண்ட் போனால் அந்த டிவிடி வீண், அதனால் பேட்டரி நல்லபடி இருக்கும் மடிக்கணினியில் எழுதுவது பாதுகாப்பு. மேலே காகிதம் ஒட்டவேண்டாம், இறுவட்டுக்கென்று விற்கிற மார்க்கரால் எழுதினால் போதும். நம் பக்கத்து ஈரத்தில் துணிக்கே பூஞ்சணம் பிடிக்கும். டிவிடியில் தகவலைத் தாங்குவது ஒரு சாயம், அது வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஆகாது. பெட்டியில் போட்டு, நிமிர்த்தி, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். மூலப் பிரதி இரண்டு எழுதி, ஒன்றை வேறு வீட்டில் வைத்திருங்கள். பென்டிரைவில் கொடுத்தால் என்ன என்று கேட்பார்கள். நான் ஒருமுறை கொடுத்தேன், நாலு வீடு சுற்றி வருவதற்குள் அதன்மேல் பாட்டை ஏற்றிவிட்டார்கள். எழுதி மூடிய இறுவட்டின்மேல் யாரும் எதையும் ஏற்ற முடியாது.

மூன்றையும் எழுதுவதற்கு முன், அழித்து எழுதக்கூடிய டிவிடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மதன் எரிகிற அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் சுருக்கி அதில் ஏற்றி, டிவியில் போட்டுப் பாருங்கள். பொறி தனித்தனியாகத் தெரிந்தால் அதே அமைப்பில் மிச்சத்தையும் ஓட்டலாம். கட்டம் கட்டமாக வந்தால் நான்கு டிவிடியாகப் பிரியுங்கள்.