திருமணிமுத்தாறு ஆய்வும் எல்.எல்.பி.யும் சேர்த்தே படிக்கலாமா?

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டியில் வசிக்கிறேன். எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் இறுதியாண்டு. திருமணிமுத்தாற்று நீரில் கன உலோகங்கள் பற்றி பிஎச்.டி. செய்ய ஆசை. வக்கீலுக்கும் படிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்யலாமா? இல்லையென்றால் எது முதலில்?

பதில்: ஒன்றாக முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-ல் சொன்னதை நம்பிக் கேட்கிறீர்கள் போல. அந்தச் சலுகை பிஎச்.டி.க்குக் கிடையாது. சட்டப் படிப்பை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகளும் சட்டம் படிக்கிறவர் இன்னொரு ரெகுலர் படிப்பில் சேருவதைத் தடுக்கின்றன. பாடத்துக்குப் பாடம் 70 சதவீத வருகை வேறு வேண்டும். மறைத்துச் சேர்ந்துவிட்டு, வக்கீலாகப் பதிவு செய்யப் போகும்போது மாட்டிக்கொள்ளாதீர்கள்.

எது முதலில் என்றால், சட்டம்தான். உங்கள் ஊரிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, அது ஒரு வசதி. ஆனால் நான் சொல்லும் காரணம் வேறு.

உங்கள் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். சேர்வராயன் மலையில் பிறந்து, நகரத்துச் சாக்கடையையும் சாயப்பட்டறைக் கழிவையும் வாங்கிக்கொண்டு காவிரிக்குப் போகிறது. ஓர் ஆலையின் குழாய் வாயிலில் நீங்கள் பாட்டிலில் பிடித்த நீர் ஆய்விதழுக்குப் போதும். வழக்குக்கு? 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கழிவுநீர் மாதிரி எடுத்தாலும், ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னிலையில் அதை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அவர் நழுவிவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் வழி சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை தவறினால் ஆய்வக முடிவு சாட்சியமாகாது. ஈயம் எத்தனை மடங்கு அதிகம் இருந்தாலும் சரி!

உங்களைப் போன்ற தனியாள் எடுத்த மாதிரிக்கு அப்படியானால் மதிப்பே இல்லையா? இருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. விஷயத்தில் சாரம் இருக்கிறது என்று பட்டால், பெரும்பாலும் ஒரு கூட்டுக் குழுவை அமைத்து நேரில் பார்த்து மாதிரி எடுக்கச் சொல்லும். அந்தக் குழுவை எந்த இடத்துக்கு, எந்த மாதத்தில் அனுப்ப வேண்டும் என்று காட்டுவது உங்கள் தரவுதான்.

இன்னொன்று, கெடு. 2010-ஆம் ஆண்டு பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில், வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். இழப்பீடு கேட்க 5 ஆண்டு. ஆராய்ச்சிக்காரர்கள் நிதானமாகக் கட்டுரை எழுதி முடிப்பதற்குள் 6 மாதம் ஓடியே போய்விடும். இதெல்லாம் முன்பே தெரிந்தால் நீங்கள் ஆய்வைத் திட்டமிடும் விதமே மாறும். அதனால்தான் சட்டம் முதலில் என்கிறேன்.

கையில் ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) இருந்தால் மட்டும் என் பேச்சைக் கேட்க வேண்டாம். மாதம் 37,000 ரூபாயை விட்டுவிட்டு வரச் சொல்ல எனக்கு மனமில்லை. அது காலாவதி ஆவதற்குள் பிஎச்.டி.யில் சேர்ந்துவிடுங்கள், எல்.எல்.பி. அப்புறம்.

சட்டக் கல்லூரியில் சேர்ந்தால், ஆற்றை மூன்று வருடம் மறக்க வேண்டியதில்லை. வேறு எந்தப் படிப்பிலும் பதிவு செய்யாமல் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பிடிப்பதை எந்த விதியும் தடுக்காது. மழைக்கு முன்னும் பின்னும் அதே நாலைந்து இடங்களில் எடுங்கள். தேதி, நேரம், ஜி.பி.எஸ்., போட்டோ, பாட்டில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என எல்லாம் நோட்டில் ஏறட்டும். கூடவே, 10 ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ.யில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்) மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வறிக்கைகளைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், ‘நகல் தருக’ என்று கேளுங்கள்.