விபிஎன் போட்டு வேறு நாட்டுத் தொடர் பார்த்தால் வழக்கு வருமா?

கேள்வி: ஐயா, ஒரு வீடியோ தளத்துக்குப் பல வருடங்களாகச் சந்தா கட்டி வருகிறேன். வேலை நிமித்தமாக ஒரு வருடத்துக்கு வேறு நாட்டுக்கு வந்திருக்கிறேன். பாதியில் விட்ட தொடர் இங்கே அந்தத் தளத்தில் இல்லவே இல்லை. ‘எல்லா நாட்டுத் தளங்களும் திறக்கும்’ என்று விளம்பரம் செய்த ஒரு விபிஎன் சேவையை (நாம் வேறு நாட்டில் இருப்பதுபோல இணையத்துக்குக் காட்டும் சேவை), ஆப் ஸ்டோர் வழியாக இரண்டு வருடத்துக்கும் மொத்தமாகப் பணம் கட்டி வாங்கினேன். ஐந்து வாரம் ஓடியது. இப்போது, விபிஎன்னை அணைத்துவிட்டு வரச் சொல்கிறது தளம். விபிஎன் கம்பெனியிடம் பணத்தைக் கேட்டால் 30 நாள் தாண்டிவிட்டது என்கிறார்கள். உடன் வேலை செய்பவர் ‘இது சைபர் குற்றம், மாட்டினால் ஜெயில்’ என்று பயமுறுத்துகிறார். இன்னொருவர் இலவச விபிஎன் ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். நான் செய்தது குற்றமா? பணம் திரும்பக் கிடைக்குமா? வேறு விபிஎன் எடுப்பதானால் எதைப் பார்த்து எடுப்பது?

பதில்: எல்லாவற்றையும் எழுதிய நீங்கள், எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. உங்கள் முதல் கேள்விக்கான பதிலே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நீங்கள் இருப்பது ஐக்கிய அரபு அமீரகம் என்றால், உடன் வேலை செய்பவர் சொன்னதை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். அங்கே 2021-இன் 34ஆம் எண் சைபர் குற்றச் சட்டத்தின்படி, ஒரு குற்றத்தைச் செய்வதற்கோ அது கண்டுபிடிக்கப்படாமல் இருப்பதற்கோ ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, மாற்றிக் காட்டினால் சிறைத்தண்டனை உண்டு. அபராதம் 5 லட்சம் திர்ஹமில் தொடங்கி 20 லட்சம் வரை போகும். விபிஎன் வைத்திருப்பதே அங்கே குற்றம் இல்லை. வங்கிகளும் கம்பெனிகளும் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. விபிஎன்னுக்குப் பின்னால் செய்யும் காரியம் குற்றமாகும்போதுதான் சிக்கல். ஆனால் அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று ஒரு வெளிநாட்டுத் தொழிலாளி தன் வேலையையும் விசாவையும் பணயம் வைத்துச் சோதித்துப் பார்க்கக் கூடாது. சீனாவில் அரசு அனுமதித்த விபிஎன் மட்டுமே சட்டப்படியானது. இப்படிப்பட்ட நாடுகளில் இருந்தால், தொடரை ஊருக்குத் திரும்பிய பிறகு பாருங்கள். இதுதான் என் ஆலோசனை.

மற்றப் பெரும்பாலான நாடுகளில் விபிஎன் போடுவது குற்றமே அல்ல. அப்புறம் பதிப்புரிமைச் சட்டம் வருகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, படைப்புக்குப் போட்டிருக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு வருடம் வரை சிறை என்கிறது. அமெரிக்காவில் 1998-இன் டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் 1201ஆம் பிரிவு இதே வேலையைச் செய்கிறது. படித்ததும் வயிற்றைக் கலக்கும். ஆனால் இந்தியப் பிரிவில் ‘உரிமையை மீறும் நோக்கத்தோடு’ என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. சந்தா கட்டி, சொந்தப் பெயரில் உள்ளே போய், அந்தத் தளத்தின் பிளேயரிலேயே பார்க்கிற ஒருவரை இந்த வரிக்குள் அடக்குவது அரசுத் தரப்புக்குச் சுலபமாக இருக்காது. அதே விபிஎன்னைப் போட்டுப் படத்தைப் பதிவிறக்கி, பூட்டை நீக்கி நாலு பேருக்கு அனுப்பினால், நான் உங்கள் பக்கம் நின்று பேச அதிகம் எதுவும் மிஞ்சாது.

உரிமையாளர்கள் யார்மீது பாய்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 2015-இல் நியூசிலாந்தில் ‘குளோபல் மோட்’ என்ற வசதியைச் சில இணைய நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தன. அதைப் போட்டால் வெளிநாட்டு வீடியோ தளங்கள் திறக்கும். உள்ளூர்த் தொலைக்காட்சி நிறுவனங்கள் வழக்குப் போட்டன. விஷயம் சமரசத்தில் முடிந்து, அந்த ஆண்டு செப்டம்பரில் வசதி நின்றது. வழக்கு வசதியை விற்றவர்மீதுதான், சோபாவில் உட்கார்ந்து பார்த்தவர்மீது அல்ல.

ஐரோப்பாவில் இன்னும் சுவையான வழக்கு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் ஊரில் பப் நடத்திய கேரன் மர்ஃபி, உள்ளூர்ச் சந்தா விலை கட்டுப்படியாகாமல், செயற்கைக்கோள் டிவியைத் திறக்கும் கிரேக்க நாட்டுக் கார்டை வாங்கிக் கால்பந்து ஆட்டங்களைக் காட்டினார். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2011 அக்டோபரில், வேறு உறுப்பு நாட்டுக் கார்டை வாங்கிப் பார்ப்பதைத் தடுக்கும் தேசியச் சட்டம் ஒன்றியத்தின் சேவைச் சுதந்திரத்துக்கு முரண் என்று தீர்த்தது. அதே தீர்ப்பு, பப்பில் பொதுமக்களுக்குக் காட்டுவது வேறு, அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. இந்தத் தீர்ப்பை உலகம் முழுவதற்கும் இழுத்துப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது காசு கொடுத்து வாங்கிய கார்டு பற்றியது, ஒன்றியத்துக்குள் செல்லுபடியாவது. விபிஎன்னுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் உங்கள் கணக்கு ஒரு ஒன்றிய நாட்டினுடையதாக இருந்து, இப்போது இன்னொரு ஒன்றிய நாட்டில் தற்காலிகமாக இருக்கிறீர்கள் என்றால், விபிஎன்னே வேண்டாம். 2018 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் விதியின்படி, கட்டணத் தளம் உங்கள் சொந்த நாட்டுப் பட்டியலைக் கூடுதல் காசு வாங்காமல் காட்டியாக வேண்டும். தற்காலிகம் என்றால் எத்தனை நாள் என்று அந்த விதி எண் போட்டுச் சொல்லவில்லை. ஒரு வருடத்துக்கும் வாதாட இடம் இருக்கிறது.

ஆக, ஜெயில் பேச்சை ஓரமாக வைப்போம். உங்களுக்கு உண்மையான உரசல் இரண்டு ஒப்பந்தங்களில்: ஒன்று தளத்தோடு, இன்னொன்று விபிஎன் கம்பெனியோடு. இரண்டுக்கும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டியிருக்கிறீர்கள், படிக்காமல்.

உங்கள் தளத்தின் பெயர் தெரியாததால் நெட்ஃபிளிக்ஸை எடுத்துக்கொள்கிறேன். கணக்கு தொடங்கிய நாட்டில்தான் முதன்மையாகப் பார்க்க வேண்டும், அதுவும் அந்தப் படத்துக்கு அவர்கள் உரிமை வாங்கியிருக்கும் இடங்களில் மட்டும் என்று அதன் விதிமுறை சொல்கிறது. 2016 ஜனவரியில் ஒரே நாளில் 130 புதிய நாடுகளில் கடை திறந்த கையோடு, விபிஎன்களை இனி தடுப்போம் என்றும் அறிவித்தார்கள். இப்போதைய நடைமுறை என்னவென்றால், விபிஎன் தெரிந்தால் உலகம் முழுவதற்கும் உரிமை இருக்கிற படங்கள் மட்டும் தெரியும். விளம்பரத்தோடு வரும் மலிவுத் திட்டத்தில் விபிஎன்னுக்கு இடமே இல்லை. இது ஒப்பந்த மீறலுக்கு எதிரான நடவடிக்கை, தண்டனை அல்ல. உங்கள் தளம் செய்ததும் அதுதான். கணக்கை நிறுத்தும் உரிமையைப் பெரும்பாலான தளங்கள் எழுதி வைத்திருக்கின்றன. தடுத்துவிட்டு விட்டுவிடுவதே வழக்கம்.

ஒரு எல்லையை மட்டும் தாண்டாதீர்கள். விலை குறைவான நாட்டில் இருப்பதாகக் காட்டிச் சந்தா வாங்குவது வேறு ரகம். யூடியூப் பிரீமியத்தில் அப்படி வாங்கியவர்களின் சந்தாவை 2024 ஜூனில் ரத்து செய்யத் தொடங்கினார்கள். அங்கே பொய் முகவரி, சில சமயம் இன்னொருவர் பெயரில் கார்டு என்று வரும்போது, ஒப்பந்த மீறல் என்பது பொய் சொல்லி ஆதாயம் அடைந்த விவகாரமாக மாறிவிடுகிறது. நீங்கள் முழுக் காசு கட்டியவர். அந்த இடத்திலேயே நில்லுங்கள்.

சரி, பணம். உங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது? ஆப் ஸ்டோர் பெயரில் இருந்தால், விபிஎன் கம்பெனியின் 30 நாள் வாக்குறுதி உங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே பொருந்தாமல் இருக்கலாம். பணத்தை வாங்கியது ஸ்டோர். திருப்பித் தர வேண்டியதும் ஸ்டோர்தான். முதலில் அங்கே, ‘விளம்பரப்படுத்திய வேலையைச் சேவை செய்யவில்லை’ என்ற காரணத்தோடு விண்ணப்பியுங்கள். எடுத்த எடுப்பில் கார்டு வங்கியிடம் போய்ப் பணத்தைத் திரும்ப இழுக்காதீர்கள். ஸ்டோர் உங்கள் கணக்கையே முடக்கினால், வாங்கிய மற்ற ஆப்களும் சேர்ந்து போகும். ஸ்டோர் மறுத்த பிறகு வங்கிக்குப் போகலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, மாதக்கணக்கில் தூங்க வேண்டாம்.

அந்த விளம்பரத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வழக்கில் அதுதான் உயிர். கம்பெனியின் விதிமுறைக்குள் போனால், ‘குறிப்பிட்ட எந்தத் தளமும் திறக்கும் என்று உத்தரவாதம் தரவில்லை’ என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். வாசலில் ஒரு பேச்சு, விதிமுறைக்குள் வேறு பேச்சு. நுகர்வோர் சட்டங்கள் இந்த வித்தியாசத்தைத்தான் பிடிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-இன் 770ஆம் எண் ஆணைப்படி, டிஜிட்டல் சேவை விளம்பரத்தில் சொன்னதற்கும் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விலைக் குறைப்போ ஒப்பந்த ரத்தோ கேட்கலாம். இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரம், சேவைக் குறைபாடு இரண்டையும் சொல்லி நீங்கள் வசிக்கும் இடத்து ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். ‘உங்கள் நோக்கமே தளத்தின் விதியை மீறுவதுதானே’ என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். அதே நோக்கத்துக்காகத்தான் விளம்பரம் செய்து விற்றார்கள். அந்த வாதத்தை எடுத்தால் அவர்கள் வாயாலேயே மாட்டிக்கொள்வார்கள். (அமீரகத்தில் இருந்தால் மட்டும், எதற்காக வாங்கினேன் என்று விலாவாரியாக எழுதி அனுப்பாதீர்கள்.)

இங்கே ஒரு வேடிக்கை. விபிஎன் கம்பெனிகள் பதிவு முகவரியையே பெருமையாக விற்பார்கள். நோர்ட்விபிஎன் பனாமா, எக்ஸ்பிரஸ்விபிஎன் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் என்று. உங்கள் தகவலைக் கேட்டு உங்கள் நாட்டு போலீஸ் அங்கே சுலபமாகப் போக முடியாது என்பது உண்மை. உங்கள் பணத்தைக் கேட்டு நீங்களும் சுலபமாகப் போக முடியாது. உத்தரவு வாங்குவது எளிது, அதை அங்கே நிறைவேற்றுவது கடினம். அதனால்தான் அடுத்த முறை வாங்கும்போது மாதச் சந்தாவில் தொடங்குங்கள் என்கிறேன். வேகம், சர்வர் எண்ணிக்கையெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். வீடியோ தளங்கள், விபிஎன் சர்வர்கள் நிற்கும் டேட்டா சென்டர்களின் ஐபி முகவரிகளைக் கண்டுபிடித்து அடைத்துக்கொண்டே இருக்கின்றன. விபிஎன்காரர்கள் புது முகவரி போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்த மாதம் திறப்பது அடுத்த மாதம் திறக்காமல் போகலாம். அப்படிப்பட்ட பண்டத்துக்கு இரண்டு வருடக் காசை முன்கூட்டிக் கொடுத்தால், நஷ்டம் முழுவதும் உங்கள் தலையில். ‘வாழ்நாள் சந்தா’ பக்கம் போகவே வேண்டாம்; யாருடைய வாழ்நாள் என்று அவர்கள் சொல்வதில்லை.

கம்பெனியின் சொந்தத் தளத்தில், கிரெடிட் கார்டில் வாங்குங்கள். பணம் திரும்பத் தருவதற்குப் பயன்பாட்டு அளவு ஏதாவது நிபந்தனையா, முதல் தவணை முடிந்ததும் விலை என்ன ஆகும் என்ற இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். ‘லாக் வைப்பதில்லை’ (நீங்கள் செய்வதைப் பதிவு செய்து வைப்பதில்லை) என்ற வாக்குறுதிக்கு உங்கள் காரியத்தில் அவ்வளவு மதிப்பில்லை. நீங்கள் சொந்தப் பெயரில் உள்ளே போய்த்தான் பார்க்கிறீர்கள். தளத்துக்கு உங்களைத் தெரியும், இருக்கும் இடத்தைத்தான் மாற்றிச் சொல்கிறீர்கள்.

உங்கள் கணக்கு இந்தியக் கணக்காக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவுப்படி, விபிஎன் கம்பெனிகள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி விவரம், எதற்காக வாங்கினார் என்பதைக்கூட ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். அதை ஏற்காமல் எக்ஸ்பிரஸ்விபிஎன், நோர்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க் போன்றவை அந்த ஆண்டே தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டன. எனவே பட்டியலில் ‘இந்தியா’ என்று தெரிவது பெரும்பாலும் வேறு நாட்டில் நிற்கும் இயந்திரம். அது உங்கள் தளத்தை ஏமாற்றுமா என்பதை ஒரு மாதத்தில் பார்த்துவிடலாம்.

இலவச விபிஎன் யோசனையைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை ‘911 எஸ்5’ என்ற வலையமைப்பை முடக்கியது. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்ற இலவச ஆப்கள் வழியாகச் சாதாரண மக்களின் கணினிக்குள் புகுந்து, அவர்கள் வீட்டு இணைய இணைப்பைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள். உங்கள் முகவரியிலிருந்து யாரோ வங்கி மோசடி செய்தால், போலீஸ் முதலில் தட்டுவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கதவை. நான் அல்ல என்று நிரூபிக்கும்வரை உங்கள் லேப்டாப்பும் போனும் ஆய்வகத்தில் கிடக்கும். தொடர் பார்த்ததற்கு வராத வழக்கு, இப்படி வரும். காசு வாங்கும் சேவைகளில்கூட ‘வீட்டு ஐபி’ தருகிறோம் என்று விற்பவர்களிடம், அது யார் வீட்டு ஐபி, அவர் சம்மதித்தாரா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

கடைசியாக, இப்போது வைத்திருக்கும் விபிஎன் சந்தாவின் தானியங்கிப் புதுப்பித்தலை ஸ்டோர் அமைப்புகளுக்குள் போய் அணைத்துவிடுங்கள். ஆப்பை அழித்தால் சந்தாவும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள், போகாது. அணைத்ததற்கு வரும் மின்னஞ்சலை, விளம்பர ஸ்கிரீன்ஷாட் இருக்கும் அதே இடத்தில் போட்டு வையுங்கள்.