அப்பாவின் லேத் பட்டறை ஷெட்டை வீடாக மாற்றலாமா?

கேள்வி: அம்பத்தூரில் அப்பா லேத் பட்டறை நடத்திய 2,400 சதுர அடி ஷெட் சும்மா கிடக்கிறது. அப்பா உயில் எழுதாமல் காலமானார். முன்பக்கம் மரவேலைப் பட்டறை, பின்பக்கம் இரும்பு கர்டர் வைத்து இடைத்தளம் போட்டு வீடு என்று திட்டம். வெளிச்சுவரைத் தொடாததால் அனுமதி தேவையில்லை என்கிறார் மேஸ்திரி. அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். அம்மா, தங்கைக்கு ஆட்சேபணை இல்லை.

பதில்: மேஸ்திரி சுவரைப் பார்த்துச் சொல்கிறார், சட்டம் உபயோகத்தைப் பார்க்கிறது. 1971-ம் வருட தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் ‘வளர்ச்சி’ என்றால் கட்டுவது மட்டுமல்ல, கட்டடத்தின் உபயோகத்தைப் பெரிதாக மாற்றுவதும் அதில் அடங்கும். பட்டறையில் அடுப்பு மூட்டிக் குடியேறினால் அது உபயோக மாற்றம்தான். இடைத்தளம் போட்டால் தளப்பரப்பே கூடுகிறது. அனுமதியில்லாமல் செய்தால் 56, 57-வது பிரிவுகளின் கீழ் வேலையை நிறுத்தலாம், பூட்டி சீல் வைக்கலாம், இடிக்கவும் உத்தரவிடலாம்.

முதலில் பீரோவைக் குடைந்து, ஷெட் கட்ட அனுமதி வாங்கிய பழைய பிளானைத் தேடுங்கள். அம்பத்தூர் 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஷெட் அதற்கு முன்பு கட்டியது என்றால், பிளானில் பழைய நகராட்சி முத்திரைதான் இருக்கும். ஓரம் கிழிந்த அந்த நீலத் தாளில் ‘ஒர்க் ஷாப்’ என்று எழுதியிருக்கிறதா, சுவருக்கும் எல்லைக்கும் நடுவே எத்தனை அடி விட்டுக் காட்டியிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் டேப் பிடித்து நிஜத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பழைய பட்டறைகள் பலவற்றில் பிளானில் இருக்கும் சந்து தரையில் இருக்காது. பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியானால் ஷெட்டின் ஒரு பகுதியை வெட்டிக் குறைக்காமல் புதுப் பிளான் தேறுவது கஷ்டம். எல்லைச் சுவரில் ஜன்னல் வைக்கும் யோசனை இருந்தால் அதையும் விடுங்கள்.

அடுத்தது நில உபயோகம். உங்கள் இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்பது, சர்வே நம்பரைப் போட்டால் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) இணையதளத்திலேயே தெரிந்துவிடும். குடியிருப்பு மண்டலம் என்றால் வீடு கட்டத் தடையில்லை. மரவேலைக்கு மட்டும் மோட்டாரின் குதிரைத்திறன் போன்ற வரம்புகள் வரும்; அறுவை, இழைப்பு மெஷின்களின் பட்டியலை இன்ஜினீயரிடம் முதலிலேயே கொடுங்கள். தொழில் மண்டலம் என்றால் நிலைமை தலைகீழ்: பட்டறை ஓடும், குடும்பம் குடியிருக்க முடியாது. மண்டலத்தை மாற்றக் கேட்டு விண்ணப்பிக்கலாம். நாள் பிடிக்கும், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. தொழிற்பேட்டைக்குள் சிட்கோ (தமிழக அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகம்) ஒதுக்கிய மனை என்றால் ஒதுக்கீட்டு நிபந்தனைகளைப் படிக்காமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

விண்ணப்பதாரரே விதிப்படி இருக்கிறது என்று சான்று கொடுத்து அனுமதி பெறும், 2024-ல் வந்த சுயசான்று முறை உங்களுக்குப் பொருந்தாது. அது வீட்டுக்கு மட்டுமானது, நீங்கள் கேட்பதோ பட்டறையோடு சேர்ந்த வீடு. இணையத்தில் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் ஒற்றைச் சாளர முறையில் முறையான விண்ணப்பம்தான் வழி. கட்டி முடித்துவிட்டு அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எத்தனை வருடம் ஆனாலும், எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் அனுமதியற்ற கட்டடம் சட்டப்படியானதாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17-ல் அழுத்தமாகச் சொல்லிவிட்டது.

கரண்ட் விஷயத்தில்தான் ஆட்கள் எளிதாக மாட்டுகிறார்கள். என்னிடம் வந்த ஒருவர் மாடியில் குடியிருந்துகொண்டே, வீட்டு மீட்டரிலிருந்து ஒயர் இழுத்துக் கீழே பட்டறை ஓட்டினார். மின்சாரச் சட்டம் 126-வது பிரிவில், எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்கு, இரட்டிப்புக் கட்டணத்தில் கணக்குப் போடலாம். மேல்முறையீடு செய்யவும் 30 நாளுக்குள் பாதித் தொகையைக் கட்ட வேண்டும். அவர் கட்டினார். நீங்கள் வீட்டுக்கு ஒரு சர்வீஸ், பட்டறைக்கு ஒரு சர்வீஸ் என்று தனித்தனியாகவே கேளுங்கள். சொத்துவரியும் அப்படித்தான் பிரியும்.

கடைசியாக, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அம்மாவும் தங்கையும். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பேருக்கும் சம பங்கு. அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் நான்காவது பங்கு பாட்டிக்கு. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆட்சேபணை இல்லை என்று வாயால் சொன்னது பத்திரமாகாது. நீங்கள் பல லட்சம் கொட்டிக் கட்டிய பிறகு, தங்கைக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளை வீட்டார் கேள்வி கேட்டால் என்ன காட்டுவீர்கள்? வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அவர்கள் மனமொத்தால் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து, பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு. விட்டுக்கொடுக்க விருப்பமில்லையென்றால் எல்லோரும் சேர்ந்தே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடலாம், அதுவும் தவறில்லை.

மேஸ்திரியிடம் கொடுத்த அட்வான்ஸை உடைந்த ஷீட் மாற்ற, தரை பூச, வெள்ளையடிக்கக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது பராமரிப்பு வேலை. கர்டருக்கு மட்டும் இப்போது ஆர்டர் கொடுக்க வேண்டாம்.