புலி இல்லாத ஊரில் புலிக் கவலை: வாசகர் கேள்விகளுக்கு விலங்கியல் ரீச்சரின் பதில்கள்

ஜூலை 29 சர்வதேச புலிகள் தினம். அதையொட்டி வந்த கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்திருக்கிறேன். “எந்தப் புலி?” என்று ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். காட்டில் நாலு காலில் திரிகிற புலிதான், ஐயா.

ரீச்சர், இலங்கைக் காட்டில் எப்போதாவது புலி இருந்ததா?
உயர்தர மாணவி, கரவெட்டி

இருந்தது. குருவிட்டைப் பக்கம் கிடைத்த புலி எலும்பொன்றின் வயது ஏறத்தாழ 16,500 ஆண்டுகள். இன்று நம் காட்டில் இருப்பது சிறுத்தை. வளர்ந்தவை ஆயிரத்துக்கும் குறைவு என்பது மதிப்பீடு. பரீட்சையில் இரண்டையும் குழப்பிவிடாதே, பிள்ளை.

அம்மம்மா போட்டிருந்த புலிநகப் பதக்கம் எங்களிடம் இருக்கிறது. இந்தியாவில் நல்ல விலை போகும் என்கிறார்கள். கொண்டுபோய் விற்கலாமா?
பெயர் வேண்டாம், சாவகச்சேரி

வேண்டாம், தங்கச்சி. புலியின் எந்த உறுப்பையும் நாடு விட்டு நாடு கொண்டுபோய் விற்பதை, அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கை தடுக்கிறது. இலங்கையும் அதில் கையொப்பமிட்ட நாடு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. 2023 ஒக்டோபரில் கர்நாடகத்தில், தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பங்கேற்றுக்கொண்டிருந்தவரையே புலிநகப் பதக்கம் போட்டிருந்தார் என்று வனத்துறையினர் கைது செய்தார்கள். உங்களுடையது மாட்டுக் கொம்பில் செதுக்கிய போலியாகவும் இருக்கலாம். அப்படி ஏராளம் உண்டு. அம்மம்மாவின் நினைவென்று பெட்டியில் கிடக்கட்டும். ஒருவர் விலை பேசத் தொடங்கினால், அடுத்த பதக்கத்துக்கு எங்கோ ஒரு புலியைத் தேடி ஆள் போவான். நகம் மட்டுமா? தோலுக்கும் மருந்தென்று சொல்லப்படும் எலும்புக்கும் ஆள் இருக்கிறது. புலி எலும்பு வியாபாரத்தைச் சீனா 1993இலேயே தடை செய்தும் கள்ளச் சந்தை ஓயவில்லை.

கிளிநொச்சியில் எனக்குக் கொஞ்சம் தோட்டக் காணி இருக்கிறது. கச்சானைப் பன்றி கிண்டி அழிக்கிறது. நாங்கள் கண்ணி வைப்பது பன்றிக்குத்தான். இதற்கும் புலி, சிறுத்தைக்கும் என்ன சம்பந்தம்?
கொக்குவில் வாசகர்

உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஒரே இரவில் ஒரு போகத்தை இழந்தவருக்கு உபதேசம் இனிக்காது. ஆனால் கண்ணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிளின் பழைய கிளச் கம்பி. ஒரு முனையில் சுருக்கு, மறுமுனை மரத்தடியில். இழுக்க இழுக்க இறுகும். வருவது பன்றியா சிறுத்தையா என்று அது பார்ப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணியில் மரக்கறித் தோட்டம் ஒன்றில் அப்படித்தான் ஒரு கருஞ்சிறுத்தை கழுத்தில் சுருக்கோடு அகப்பட்டது. உயிரோடு மீட்டுச் சிகிச்சைக்கென்று உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாட்களில் செத்துவிட்டது.

புலிக்கும் இதே கதிதான். கம்போடியா, லாவோஸ், வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளின் பாதுகாக்கப்பட்ட காடுகளில் மட்டும் 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள் இருக்கலாம் என்று 2020இல் கணக்கிட்டார்கள். கம்போடியாவில் கடைசியாகக் கமராவில் புலி விழுந்தது 2007இல். கண்ணி தப்பினாலும் பசி விடாது. ஒரு புலிக்கு வருடத்துக்குச் சுமார் 50 மான் அளவு இரை வேண்டும். மரை என்ற பெரிய மானையும் பன்றியையும் நாம் தின்று தீர்த்தால் அது மாட்டுப்பட்டிக்கு வராமல் எங்கே போகும்? கிளிநொச்சி அம்பாள்குளத்தில் 2018 ஜூனில் ஊருக்குள் வந்த சிறுத்தையை அடித்துக் கொன்று படமெடுத்த கூத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பத்துப் பேரளவில் காயப்பட்டார்கள் என்பதும் உண்மைதான். அதற்காகச் செத்த விலங்கோடு நின்று கைப்பேசியில் படமெடுப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கண்ணிக்குப் பதிலாகக் கிளுவைக் கதியாலை நெருக்கி நட்டு, அடிப்பக்கம் முட்கம்பி இழுங்கள். பக்கத்துக் காணிக்காரரோடு முறை வைத்துக் காவல் இருங்கள். பன்றி முற்றாக நின்றுவிடும் என்று பொய் சொல்லமாட்டேன், அழிவு குறையும். விலங்கு கம்பியைத் தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்குப் பக்கம் போகவே வேண்டாம், அதில் மனிதரும் செத்திருக்கிறார்கள். இன்னொன்று: வன்னியிலிருந்து மரை வற்றல் வந்தால் விலை பேசாமலே வாங்குகிற நம் யாழ்ப்பாணத்து நாக்கும் இந்தக் குற்றத்தில் பங்காளிதான். மரை பாதுகாக்கப்பட்ட விலங்கு.

சபரிமலைக்குப் பெருவழிப் பாதையால் நடக்கிறோம். புலி வருமா?
குருசாமி ஒருவர், திருநெல்வேலி

நீங்கள் நடக்கிற மலையே பெரியாறு புலிகள் காப்பகம்தான், சாமி. வரும் என்று பயப்படுவதைவிட, அதன் வீட்டுக்குள் போகிறோம் என்று நினைத்து நடவுங்கள். கூட்டமாகவும் பகலிலும் போங்கள். இருமுடிக்குள் பிளாஸ்டிக் பை வைக்காதீர்கள். அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று மரைகள் செத்த செய்திகள் வந்திருக்கின்றன. மரை போனால் புலிக்குச் சாப்பாடு போயிற்று.

இந்தியாவில் புலி கூடிவிட்டதாமே. இனி என்ன கவலை?
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், பருத்தித்துறை

கூடியிருக்கிறது, நல்ல செய்தி. 2006 கணக்கெடுப்பில் 1,411, 2022இல் 3,682. சத்தியமங்கலம் போன்ற காடுகளில் காவலும் இரையும் சேர்ந்து இதைச் சாதித்தன. ஆனால் பிறந்து வளர்ந்த ஆண் புலி தாயின் எல்லையில் இருக்க முடியாது. வேறு காடு தேடிப் போகும். இடையில் நெடுஞ்சாலையும் சுரங்கமும் தோட்டமும் வந்தால் எங்கே போகும்? மத்திய இந்தியாவில் பெஞ்ச் காட்டை வெட்டிப்போகும் 44ஆம் நெடுஞ்சாலையை விரிவாக்கியபோது, விலங்குகள் அடியால் போக ஒன்பது இடங்களில் சாலையைத் தூக்கிக் கட்டினார்கள். கமராவில் பார்த்தால் புலிகள் அவ்வழியே போய்வருகின்றன. செலவு கூடத்தான். அதைச் செய்யாத சாலைகளே அதிகம்.

புலியை எப்படி எண்ணுவார்கள்? ஒன்றையே இரண்டு தரம் எண்ணிவிட மாட்டார்களா?
ஆறாம் வகுப்பு மாணவன், வல்வெட்டித்துறை

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி உன்னுடையது, தம்பி. முன்பு காலடித் தடத்தைப் பார்த்து எண்ணினார்கள். ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் அப்படி எண்ணிக் காகிதத்தில் புலிகளைக் காட்டிக்கொண்டிருக்க, வேட்டைக்காரர் எல்லாவற்றையும் முடித்துவிட்டதாக 2005இல்தான் வெளியே தெரிந்தது. பிறகு வேறு காட்டிலிருந்து புலி கொண்டுவந்து விட்டார்கள். இப்போது காட்டுப் பாதையின் இரு புறமும், முழங்கால் உயரத்தில், எதிரெதிராக இரண்டு கமராக்களைக் கட்டுகிறார்கள். புலி குறுக்கே போனதும் அவை தாமே படமெடுக்கும். நம் கைரேகை போல ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு. ஒரே புலிக்கும் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. ஒரு பக்கம் மட்டும் கமரா வைத்தால், போகும்போது ஒரு பக்க வரியும் திரும்பும்போது மறுபக்க வரியும் விழுந்து, நீ பயந்தபடியே, ஒன்றை இரண்டாக எண்ணிவிடுவார்கள்.