எரிகோவின் மதில், லாகீசின் கல்மேடு

அன்புள்ள ஐயா,

இஸ்ரவேலரின் தலைவன் யோசுவாவின் முன் இடிந்து விழுந்ததாக வேதம் சொல்லும் எரிகோ நகரின் மதில் அகழாய்வில் கிடைக்கவில்லை, தாவீது மன்னனே கற்பனை, பழைய ஏற்பாடு முழுக்கக் கட்டுக்கதை என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். எங்கள் சபையிலோ தொல்லியல் வேதத்தை வரிக்கு வரி நிரூபித்துவிட்டது என்கிறார்கள். யார் சொல்வது சரி?

கே.

அன்புள்ள கே,

எரிகோ விஷயத்தில் உங்கள் நண்பர் பக்கம் நியாயம் இருக்கிறது. 1950களில் அங்கே அகழ்ந்த தொல்லியலாளர் கேத்லீன் கென்யன், இடிந்து கிடந்த மதில்கள் யோசுவாவுக்குச் சொல்லப்படும் காலத்தைவிட மிகப் பழையவை என்று காட்டினார். இதை மழுப்பக் கூடாது. ஆனால் பழைய ஏற்பாடு பல நூற்றாண்டுகளில் பலர் எழுதிச் சேர்த்தது. ஓர் ஊரின் மதிலை வைத்து அத்தனைக்கும் தீர்ப்பு எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

கி.மு. 701க்கு வாருங்கள். அசீரிய மன்னன் சனகெரிப், எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா நாட்டின்மீது படையெடுக்கிறான். யூதாவின் மன்னன் எசேக்கியா முப்பது தாலந்து (அக்கால எடை அளவு) பொன் கப்பம் கட்டியதாக வேதத்தின் இரண்டாம் இராஜாக்கள் நூல் சொல்கிறது. சனகெரிப் களிமண்ணில் எழுதிவைத்த கணக்கிலும் பொன் அதே முப்பது! வெள்ளிதான் இடிக்கிறது: வேதத்தில் 300, சனகெரிப் கணக்கில் 800. பகையாளிகள் இருவர் இவ்வளவு ஒத்துப்போவதே பெரிய விஷயம். 46 அரணான ஊர்களைப் பிடித்ததாகப் பெருமை பேசுகிறவன், எருசலேமைப் பிடித்ததாகச் சொல்லவில்லை. எசேக்கியாவைக் கூண்டுப் பறவையாக அடைத்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். தன் தலைநகர் நினிவேயின் அரண்மனைச் சுவரில் செதுக்கவைத்ததும் யூதாவின் அரணான ஊர்களில் ஒன்றான லாகீசின் வீழ்ச்சியைத்தான். மதிலை எட்ட அசீரியர் கொட்டிய கல்மேட்டை லாகீசில் இன்றும் பார்க்கலாம். எருசலேம் தப்பியது தேவதூதன் ஒரே இரவில் 1,85,000 பேரைச் சங்கரித்ததால் என்கிறது வேதம். அதை அகழாய்வு நிரூபித்ததாகச் சபையில் யாராவது சொன்னால், இல்லை என்று சொல்லுங்கள். அது மண்ணைத் தோண்டி முடிவுசெய்யும் விஷயமல்ல.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட நெருக்கமானது, எருசலேமின் அடியில் அரை கிலோமீட்டருக்குமேல் ஓடும் நீர்ச்சுரங்கம். எசேக்கியா நகருக்குள் தண்ணீர் கொண்டுவந்ததாக இராஜாக்களில் ஒரே வரி. 1880இல் சுரங்கச் சுவரில் கிடைத்த எழுத்தில் மன்னன் பெயரே இல்லை. வெட்டியவர்கள்தான் இருக்கிறார்கள். இரு முனையிலிருந்தும் குடைந்து வந்தவர்களுக்கு நடுவே மூன்று முழப் பாறை மிச்சமிருந்தபோது, மறுபக்கத்து ஆள் கூப்பிடும் குரல் கேட்டதாம்.

தாவீதைக் கற்பனை என்று ஒதுக்குவது இப்போது கடினம். 1993இல் இஸ்ரேலின் வடக்கே தேல் தான் என்ற இடத்தில் கிடைத்த கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டு அரமேயக் கல்வெட்டில், எதிரி அரசன் ஒருவன் யூதா அரசகுலத்தைத் ‘தாவீதின் வீடு’ என்கிறான். ஆனால் தாவீது ஆண்டது பெருநாடா, சிறிய மலைநாடா என்ற வழக்கு ஆய்வாளர்களிடையே இன்னும் தீரவில்லை.